துவர்ப்பு

ஆற்காட்டிலிருந்து ஒருவன் பேனா எடுத்தால் நேயர்கள் மக்கன் பேடாவை எதிர்பார்ப்பது நியாயந்தான். ஆம்பூர்ப் பக்கம் போய் வந்தவன் என்றால் பிரியாணியை எதிர்பார்க்கலாம். இரண்டும் இல்லை. இத்தாலி தேசத்துச் சிவப்புத் திராட்சை மது ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நாற்பத்தாறு வயது வரையில் எந்த மதுவையும் ஒரு துளிகூட நாவில் வைத்தறியாத பள்ளிக்கூட உபாத்தியாயன் நான். நீந்தத் தெரியாதவன் ஆற்றின் ஆழத்தைச் சொல்லப் புறப்பட்டான் என்று நகைப்பவர்கள் நகைக்கலாம். எங்கள் பாலாற்றின் ஆழத்தைச் சொல்ல நீந்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணாக்கன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். பேர்ணாம்பட்டுப் பையன். பதினைந்து வருஷங்களுக்கு முன் என்னிடம் ரசாயனம் படித்தான். 'படித்தான்' என்பது மரியாதைக்காகச் சொல்வது. கணக்கும் சமன்பாடும் அவனைக் கண்டால் ஓடும், அல்லது அவன் அவற்றைக் கண்டு ஓடுவான். ஆனால் கையால் செய்கிற காரியம் எதுவாக இருந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பான். பின்னால் தோல் தொழில்நுட்பம் படித்து, இன்று ஆம்பூரில் பாதரட்சை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். வருஷந்தோறும் மிலான் நகரத்துத் தோல் கண்காட்சிக்குப் போய் வருகிறான். அவன் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் மனிதன் அவன்தான்.

நமஸ்காரம் செய்துவிட்டு, பையிலிருந்து நீளமான ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தான். திறந்தான். கறுத்த சீசா. அதன் வெள்ளைச் சீட்டில் சூரியன் படம் போட்டிருந்தது.

என் தாயார் நிலைப்படி அருகில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபத்து மூன்று வயது, கண் மங்கல். ஆனாலும் சீசாவின் உருவம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை நின்றது. ஒன்றும் சொல்லாமல் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் அப்படி உள்ளே போவதை நான் சிறு பிராயத்தில் நூறு முறை பார்த்திருக்கிறேன். என் தகப்பனார் ராணிப்பேட்டையில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதியவர். முத்து முத்தான கையெழுத்து. காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். இரவு எப்போது, எப்படி வருவார் என்பதுதான் கேள்வி. அம்மா வாசலில் நிற்பாள். அவர் சட்டையருகில் முகத்தைக் கொண்டுபோய் ஒரு கணம் முகர்ந்து பார்ப்பாள். பிறகு சண்டையில்லை, கண்ணீரில்லை, உள்ளே போய்விடுவாள். நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது அவர் காலமானார். வைத்தியர் சொன்ன காரணத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. அம்மா என்னிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. நானாகவே ஒன்று வைத்துக்கொண்டேன்.

ராஜாஜி மந்திரி சபை 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, 1939-ல் எங்கள் வட ஆற்காட்டுக்கும் அதைக் கொண்டுவந்தது. 1948-ல் ராஜதானி முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் அது போயிற்று. இடையில் வந்தது, மறுபடியும் போயிற்று. 2003-லிருந்து சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. இந்த வருஷங்களை நான் யாரிடமும் தர்க்கத்துக்காகச் சொல்வதில்லை. எங்கள் வீட்டு ஜாதகக் குறிப்பைப் போல மனத்தில் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

பையனுக்கு இவை எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் கொண்டுவந்திருக்க மாட்டான். "அப்பனே, நான் இதைத் தொடுவதில்லை, எடுத்துக்கொண்டு போ" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "சார், கடுக்காய் மை ஞாபகமிருக்கிறதா?" என்று கேட்டுவிட்டான்.

ஞாபகம் இல்லாமலா? வருஷந்தோறும் பத்தாம் வகுப்புக்கு நான் செய்துகாட்டும் வித்தை அது. கடுக்காயை இடித்து வெந்நீரில் ஊறவைத்து, அதில் அன்னபேதிக் கரைசலைச் சேர்த்தால் கஷாயம் சிறிது நேரத்தில் கருநீல மையாகிவிடும். அந்த மையால் பிள்ளைகள் தத்தம் பெயரை எழுதுவார்கள். கடுக்காயிலுள்ள டானின் என்னும் பொருள் இரும்புடன் சேர்ந்து நிறம் மாறுகிறது. தோலைப் பதப்படுத்துவதும் நாக்கைத் துவர்க்கச் செய்வதும் அதே டானின்தான் என்று சொல்லி முடிப்பேன்.

"மிலானில் எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர் விருந்து வைத்தார், சார். இந்த மதுவை ஊற்றிவிட்டு, இதன் சிறப்பே டானின்தான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்கு நான் படித்திருக்கிறேன் ஐயா, எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றேன். அவர் நம்பவில்லை. கடுக்காய், ஆவாரம்பட்டை எல்லாவற்றையும் சொன்னேன். மேஜையிலிருந்த அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அன்றைக்கே உங்களுக்கென்று வாங்கினேன்."

உபாத்தியாயனுக்கு இதைவிடப் பெரிய தக்ஷிணை உண்டா? மறுப்பது எப்படி? உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. ஏற்பது எப்படி? இரண்டுக்கும் நடுவில், சமயத்துக்கு உதவுகிற ஒரே ஆயுதத்தை எடுத்தேன். கேள்வி கேட்டேன்.

"அது எப்படி இருக்கும், சொல் பார்ப்போம்."

அவன் சொன்னவற்றையும், பிற்பாடு நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். அந்த மதுவின் பெயர் டின்யானெல்லோ. டஸ்கனிப் பிரதேசத்தில், ஃபிளாரன்ஸ் நகரத்துக்குத் தெற்கே கியாந்தி என்ற மலைச்சரிவில் உள்ள ஒரு தோட்டத்தின் பெயர் அது. தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களான அன்டினோரி குடும்பத்தார் 1385-லேயே ஃபிளாரன்ஸ் மது வியாபாரிகள் சங்கத்தில் சேர்ந்தவர்கள். நம் பக்கத்தில் விஜயநகரத்தார் ஆட்சி நடந்த காலம்! கியாந்தி மதுவுக்கு அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. 1967-ல் வகுத்த விதிப்படி சிவப்புத் திராட்சையோடு வெள்ளைத் திராட்சையும் கலந்தே தீர வேண்டியிருந்தது. அதனால் மது நீர்த்துப் போகிறது என்று பியெரோ அன்டினோரி என்பவரும், ஜாக்கொமோ டாக்கிஸ் என்ற நிபுணரும் கருதினார்கள். விதியை மீறினார்கள். 1971-ம் வருஷத்து அறுவடையிலிருந்து 'கியாந்தி' என்ற பெயரையே விட்டுவிட்டு, 'மேஜை மது' என்னும் கடைசி வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். 1975 முதல் வெள்ளைத் திராட்சை அடியோடு நின்றது. 1982-லிருந்து கலப்பு ஏறக்குறைய இப்படி: ஸாஞ்ஜொவேஸே என்ற நாட்டுத் திராட்சை நூற்றுக்கு எண்பது, பிரான்சிலிருந்து வந்த காபர்னே ஸோவின்யோன் பதினைந்து, காபர்னே ஃபிராங் ஐந்து. கடைசி வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை இன்று சீசா ஒன்றுக்கு நூறு யூரோவுக்கு மேல் விலை போகிறது. எங்கள் வீட்டு மாத மளிகைக் கணக்கை நான் அதோடு ஒப்பிட்டுப் பார்த்ததைச் சொல்லாமலிருப்பது நலம். ஆனால் இருபது வருஷமாக விதிப்படி மதிப்பெண் போட்டுவரும் எனக்கு, அந்தக் கடைசி பெஞ்சு விஷயம் மட்டும் மிகவும் பிடித்திருந்தது.

"முதலில் களாப்பழப் புளிப்பு, சார். அதற்குப் பின்னால் நாவற்பழம். அப்புறம் மிளகோ கிராம்போ என்று சொல்லத் தெரியாத ஒரு காரமான மணம். ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்ததால் வருவது. கடைசியில் ஈறு, கன்னம், நாக்கின் ஓரம் எல்லாம் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும். நாவற்பழம் தின்றபின் நாக்கு இழுக்குமே, அப்படி. ஆனால் கரகரப்பு இராது. பட்டுத்துணி மாதிரி. அந்தப் பிடிப்புக்குத்தான் விலை."

"துவர்ப்பு என்று சொல்லேன்" என்றேன்.

"அதைத்தான் சார் என்னால் அவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு அது ஒரு சுவையே இல்லையாம்!"

இங்கே ஒரு நிமிஷம் நின்று எங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் பரிந்து பேசுவதை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேனாட்டு சாஸ்திரத்தில் துவர்ப்பு சுவைகளின் பட்டியலில் சேராது. அது நாக்குக்குத் தெரியும் ஸ்பரிசம் என்கிறார்கள். காரணமும் சரியானதே: டானின் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துத் திரளச் செய்கிறது, வழுவழுப்புப் போய் வாய் உலர்ந்து இழுக்கிறது. நாமோ அறுசுவையில் அதற்கு ஓர் ஆசனம் போட்டு, விருந்துக்கு அழைத்து, வாழைப்பூவிலும் அத்திக்காயிலும் உட்கார்த்தி வைத்திருக்கிறோம். துவர் என்ற சொல்லுக்கே சிவப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. துறவிகளின் காவி உடையைத் துவராடை என்பார்கள். சுவையும் நிறமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. சிவந்து துவர்க்கும் ஒரு பானத்துக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தையை எந்தப் பாஷை வைத்திருக்கிறதோ தெரியாது. இத்தாலி மது நமக்குப் புதிதும் அன்று. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் இத்தாலியின் காம்பானியாவில் செய்த மது ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றை இந்தப் பக்கத்தார் எந்த வார்த்தை சொல்லிச் சுவைத்தார்களோ?

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கையில் பையன் சொன்னான்: "எங்கள் தாத்தாவிடம் கேட்டிருந்தால் அவர்களுக்குச் சரியாகச் சொல்லியிருப்பார்."

அவனுடைய தாத்தா நாற்பது வருஷங்களுக்குமேல் பட்டைத் தொட்டியில் வேலை செய்தவர் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவர்தான் அவனை அழைத்துவந்தார். கையிரண்டும் முழங்கை வரையில் பழுப்பேறியிருந்தன.

"சரி. அவரிடமே கேட்போம்" என்றேன். சீசாவுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு நல்ல தூரம் கிடைத்த மகிழ்ச்சி எனக்கு.

மறுநாள் வேலூர் போய், குடியாத்தம் வழியாகப் பேர்ணாம்பட்டுக்கு பஸ் ஏறினோம். வழியில் கொஞ்ச தூரம் பாலாறு மணலாகக் கூடவே வந்தது. இந்த ஆற்றங்கரைத் தோல் தொழிலைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் வழங்கிய தீர்ப்பு தேசத்துக்கே முன்மாதிரி என்று வக்கீல்கள் படிக்கிறார்கள். கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. கிணற்றில் உப்பும் குரோமியமும் கண்ட கிராமத்தார் அதைப் படித்ததில்லை. எழுதப் புகுந்தால் அது வேறு வியாசம்.

ஆவாரம்பட்டைத் தொழில் அந்தக் குரோமியத்துக்கு முந்தியது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற துரை 1903-வாக்கில் குரோமிய முறையைக் கொண்டுவந்து பரிசோதிக்கும் வரையில் இங்கே எல்லாம் பட்டைதான். வட ஆற்காட்டிலிருந்து சீமைக்குப் போன அந்தத் தோலுக்கு 'கிழக்கிந்தியத் தோல்' என்று தனிப் பெயரே உண்டு. ஆவாரம்பட்டை உரம் தரும். கடைசியில் கடுக்காய் நிறத்தைத் தெளியவைக்கும். பிறகு ஆவாரைக்குப் பதில் வாட்டில் பட்டை வந்தது. குரோமியம் வந்து, வாரக்கணக்கில் செய்ததை நாட்கணக்கில் முடித்தது. பட்டைத் தொட்டிகள் இன்று சொற்பம்.

தாத்தாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பேரன் விஷயத்தைச் சொன்னான். அவர் சிரித்தார்.

"நான் குடிக்கறதில்ல வாத்தியாரய்யா. தொட்டியிலே நிக்கிறவன் குடிச்சா தொட்டி கெட்டுப்போவும்."

"குடிக்க வேண்டாம். பட்டைத் தண்ணீரைப் பார்ப்பீர்களே, அப்படிப் பார்த்துச் சொன்னால் போதும்" என்றேன்.

எப்படிப் பார்ப்பார்கள் என்று அவரையே சொல்லவிட்டேன். பச்சைத் தோலை எடுத்த எடுப்பில் புதுப் பட்டைத் தண்ணீரில் போடக் கூடாது. போட்டால் மேல்புறம் சட்டென்று இறுகிவிடும். உள்ளே பட்டை இறங்காது. வெட்டினால் நடுவில் பச்சைக் கோடு தெரியும். ஆகவே, பல தோலைக் கண்டு வீரியம் குறைந்த பழைய தண்ணீரில் முதலில், அதற்கடுத்துச் சற்றே உறைப்பானது, கடைசியில்தான் புதுசு. எந்தத் தொட்டி எந்த நிலையில் இருக்கிறதென்று சொல்ல அவருக்கு அளவு கருவி கிடையாது. விரலைத் தோய்த்து நாக்கு நுனியில் வைப்பார், துப்புவார். முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு. புளிப்பு முந்திக்கொண்டால் தண்ணீர் பழசு. துவர்ப்பு ஓடிவந்து கடித்தால் புதுசு. "கடிக்காம புடிக்கணும்" என்றார். பையன் என்னைப் பார்த்தான். பட்டுத்துணி என்று அவன் சொன்னதும் இதுதானே?

சீசாவைத் திறந்தார்கள். கோப்பை ஏது? வெண்கலத் தம்ளரில் ஊற்றப் போனவனைத் தடுத்தேன். அந்தப் புளிப்பு வெண்கலத்தோடு சண்டை போடும். ஒரு கண்ணாடித் தம்ளர் பக்கத்து டீக்கடையிலிருந்து வந்தது. வெயிலில் பிடித்தபோது மாதுளை முத்தின் நிறம். தாத்தா விரலைத் தோய்க்கவில்லை. விருந்தாளியின் பதார்த்தமாயிற்றே என்று மரியாதையாக ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சுழற்றினார். திண்ணைக்கு வெளியே எட்டித் துப்பினார். ஐரோப்பாவில் மதுவைப் பரீக்ஷை செய்யும் நிபுணர்களும் இப்படியேதான் துப்புவார்கள் என்று பையன் பிறகு சொன்னான்.

வெகு நேரம் அவர் பேசவில்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார்.

"புளிப்பு இருக்குது, ஆனா பழசில்ல. துவர் பின்னாலே வருது. ரெண்டு துவர். ஒண்ணு காயோட துவர், தோலும் கொட்டையும் மாதிரி. இன்னொண்ணு மரத்துத் துவர். மரத்திலே ரொம்ப நாள் கெடந்திருக்குது. அவசரப்படாத ஆளு செஞ்சது."

திராட்சையின் தோலிலும் விதையிலும் ஒரு டானின். பீப்பாயின் ஓக் மரத்தில் வேறொரு டானின். நான் எம்.எஸ்ஸி. படித்துத் தெரிந்துகொண்டதை அவர் துப்பிவிட்டுச் சொன்னார்.

பையன் தம்ளரை என்னிடம் நீட்டினான். "குடிக்க வேண்டாம் சார். முகர்ந்தாவது பாருங்கள். இத்தாலிக்காரர்கள் இதில் தோல் வாசனை வருகிறதென்று புகழ்வார்கள். நம் ஊரில் போய் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்!" என்று சிரித்தான்.

வாங்கினேன். எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. அதில் நாலு துளி விரலில் சிந்திற்று. மது என்றால் எனக்கு ஒரே ஒரு வாசனைதான். இரவு பத்து மணிக்கு வாசற்படியில் நிற்கும் வாசனை. அது வரப்போகிறதென்று மூச்சை அடக்கிக்கொண்டு தம்ளரை முகத்தருகே கொண்டுபோனேன்.

அது வரவில்லை. களாவும் நாவலும் எனக்குப் பிடிபடவில்லை; பயிலாத மூக்கு. அவற்றுக்கெல்லாம் அடியில், சந்தேகமில்லாமல், பட்டைத்தோல் வாசனை இருந்தது. நல்ல தோல், நன்றாகக் காய்ந்து, மண்டியில் அடுக்கி வைத்திருக்கும்போது வருவது. காலையில் அப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவார். அப்போது அவர் சட்டையில் இருந்த வாசனை அதுதான். சலவை செய்தாலும் போகாது. முப்பது வருஷமாக அந்த மனிதருக்கு ஒரு காலைப்பொழுதும் இருந்ததென்பதையே நான் மறந்திருந்தேன்.

தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குடிக்கவில்லை. குடிக்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை. மீதியைப் பையன் ஆம்பூருக்கு எடுத்துப் போனான். காலியான பின் சீசாவைக் கொண்டுவந்து தந்துவிடும்படி தாத்தா ஞாபகப்படுத்தினார். கனத்த கண்ணாடி, நல்லெண்ணெய்க்கு ஆகுமாம்.

வீடு வந்து சேர இரவாகிவிட்டது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். நான் செருப்பைக் கழற்றும்போது, கண் தெரியாதவள் தடவுவது போலத் தடவி என் வலது கையைப் பிடித்தாள். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். தாத்தா துப்பியதை, தம்ளர் டீக்கடையிலிருந்து வந்ததை, அந்த வாசனையை.

அவள் உள்ளே போகவில்லை. இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள்.

"உங்கப்பா சட்டைதான்" என்றாள். பிறகு, "நேரமாயிற்று. கை கழுவிக்கொண்டு சாப்பிட வா. வாழைப்பூப் பொரியல் ஆறிப்போகிறது" என்றாள்.